கட்டுப் போட்ட கண்ணோடு கழுவிய கல்யாணப் படம்

நான்கு வருஷத்துக்கு முன், ஓர் ஆவணி மாதக் கல்யாணத்தில், ஒரே நொடியில் என் இரண்டு கண்களும் இருண்டு போயின. இன்று இந்த வரிகளை நானே எழுதுகிறேன். இடையில் நடந்ததை, முருகனை நம்பி வாழும் உங்களிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

என் பெயர் வேலாயுதம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் குடியிருக்கிறேன். சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவும் முக்காலியுமாகக் கிளம்பிவிடுவேன். கல்யாணம், காதுகுத்து, ஊருக்கு அனுப்பும் குடும்பப் படம் என்று கிள்ளான் பக்கம் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சம்பளம் சோற்றுக்கும் துணிக்கும் சரியாகப் போகும். எங்கள் மகள் வள்ளியைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தது கேமராதான்.

அந்தக் கல்யாணம் கிள்ளானில் மளிகைக்கடை வைத்திருக்கும் சுப்பையாவின் வீட்டில். காலையிலேயே மழை இருட்டு. வெளிச்சம் போதாதபோது ஒரு தகரத் தட்டில் மக்னீசியப் பொடியைக் கொட்டிக் கொளுத்துவோம். பளிச்சென்று எரிந்து அணைந்துவிடும். நான்கு படங்கள் நன்றாக எடுத்தேன். ஐந்தாவதற்குத் தட்டு ஆறட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. பொடியைக் கொட்டும்போதே பற்றிக்கொண்டது. முகமெல்லாம் நெருப்பு. யாரோ அலறினார்கள். அது நான்தான் என்று பிறகு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கண்களுக்குக் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்ட டிரஸ்ஸர் நம்மவர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டாக்டர் தொரைக்கு இப்ப ஒண்ணும் சொல்ல முடியலையாம்ணே. மூணு வாரம் போகட்டும்னு சொல்றாரு. கட்ட மட்டும் தொட்டுடாதீங்க."

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண் தெரியாத கிராணியை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்? குவார்ட்டர்சைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது? வள்ளி என் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

முருகனிடம் விலை பேசினேன். காவடி எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன், இரண்டு கண்ணும் வேண்டாம், ஒன்றையாவது கொடு என்றேன். ஒரு மத்தியானம் பேரம் பேசவும் தெம்பில்லாமல் போயிற்று. "முருகா, என்னால ஆகல. நீ பாத்துக்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுகை வந்தது. கட்டு நனைந்துவிடுமே என்று பயந்து அதையும் அடக்கினேன்.

என் மனைவி சிவகாமி அடுப்படியிலிருந்து வந்தாள். ஈரக் கையால் என் தோளைத் தொட்டாள்.

"ஏங்க, அந்தக் கல்யாணப் படம் பெட்டிக்குள்ளயே கெடக்குதே. அத எப்பக் கழுவுறது?"

"சீனன் படக்கடையில குடு. அவன் கழுவித் தருவான்."

"எதுக்கு? இருட்டுக்குள்ளதான கழுவுவீங்க? இருட்டுல ஒங்களுக்குக் கண்ணு எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்தேன்.

குளிக்கும் அறை ஜன்னலைக் கம்பளியால் மூடினாள். விளக்கின்மேல் சிவப்புத் துணி கட்டினாள். படம் கழுவும் மருந்துப் புட்டிகளை முகர்ந்தே அடையாளம் சொன்னேன். படம் பதிந்த கண்ணாடித் தட்டை உறையிலிருந்து எடுத்தேன். எந்தப் பக்கம் வழவழப்பு, எந்தப் பக்கம் மருந்து பூசியது என்று விரலுக்குத் தெரிந்தது. மருந்தில் இறக்கினேன். சிவகாமி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நடுவில் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"என்னமோ கௌம்புதுங்க. கறுப்பா. மால மாதிரி இருக்கு. ஐயோ, மல்லியப்பூ மால கறுப்பா இருக்கே, கெட்டுப்போச்சா?"

"கெடல. வெள்ளையெல்லாம் கறுப்பாத்தான் வரும். பொண்ணு மொகம் தெரியுதா?"

"தெரியுது. தலையக் குனிஞ்சிருக்கு. சிரிக்குதுங்க!"

பதினைந்து நாளுக்குப் பிறகு நானும் சிரித்தேன். அந்த நிமிஷமே என் பயம் பாதி போய்விட்டது. முருகன் கேட்டுவிட்டான் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

நான்கும் தப்பாமல் வந்தன. வெயிலில் வைத்துப் பிரதி எடுத்துச் சிவகாமியே கிள்ளானுக்குக் கொண்டுபோனாள். சுப்பையா படத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா கழுவுனது?" என்று கேட்டாராம். இவள் நடந்ததைச் சொன்னாள். அவர் படத்தை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தாராம். பிறகு, "எம் பொஞ்சாதி ஆம்பள முன்னால நிக்கவே மாட்டேங்குறா லா. நீ வந்து புடிச்சா நிப்பா. வரியாம்மா?" என்றாராம்.

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்ன சிவகாமி, "எனக்கு இதெல்லாம் வருமாங்க?" என்று கேட்டாள். கேமராவை அவள் மடியில் வைத்தேன். அவளுக்கு நான் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தேன். அவள் கிள்ளானுக்குப் போய்ப் படம் பிடித்து வந்து, தன் கையாலேயே கழுவவும் செய்தாள்.

கட்டு அவிழ்த்த நாள் கார்த்திகை நட்சத்திரம். டாக்டர் மெதுவாகத் துணியைச் சுற்றி எடுத்தார். வலது கண்ணில் வெறும் புகை. இடது கண்ணில் வெளிச்சம் குத்தியது, கலங்கியது, பிறகு தெளிந்தது. நான் முதலில் பார்த்தது சிவகாமியின் விரல்களை. படம் கழுவிக் கழுவி நகமெல்லாம் கறுத்திருந்தது. அந்தக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வெள்ளைக்கார டாக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபீசில் என் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது. வலது கண் இன்னும் புகைதான். கேமராவுக்குள் பார்க்க ஒரு கண் போதும் என்பதால் அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. இப்போது ஞாயிறுதோறும் இரண்டு பேரும் போகிறோம். காப்பார் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் என்னைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடுவார்கள். சிவகாமி போய் நின்றால், "அக்கா, எம் புள்ளையோட என்னயும் ஒண்ணு புடிங்க" என்று ஓடி வருகிறார்கள். போன தைப்பூசத்தில் காவடி எடுத்தேன். பேரத்துக்காக அல்ல, சந்தோஷத்துக்காக.

உங்களில் யாராவது இன்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: முருகனிடம் சொல்லிவிட்டு எழுந்து உட்காருங்கள். அவன் எந்த வழியாக வருவான் என்று நாம் தீர்மானிக்க வேண்டாம். எனக்கு அவன் அடுப்படியிலிருந்து, ஈரக் கையோடு வந்தான்.