வாசலோடு நின்ற அனுசியா

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸைப் போகவிட்டு நாலாவதில் ஏறினார் அனுசியா. முதல் மூன்றிலும் உட்கார இடம் இருந்தது, அதுதான் குறை. அவருக்கு வேண்டியது கூட்டம். கூடவே ஏறிய பாலகணேஷ் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக் குப்பையை உரமாக்கி விற்கப் போகிறவன் அவன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள், பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு விளங்கும்படி அந்தத் தொழிலைச் சொல்லியாக வேண்டும். இது அனுசியா வைக்கும் பரீட்சை.

வாழைக்காய்க் கூடையோடு நின்ற ஓர் அம்மாவிடம் அவன் மறுசுழற்சி, சுற்றுச்சூழல் என்று அடுக்கிக்கொண்டே போனான். மடவார்வளாகம் ஸ்டாப் வரை பொறுமையாகக் கேட்ட அந்த அம்மா, நாற்றம் அடிக்குமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பயல் மறுபடியும் சுற்றுச்சூழலுக்கே போனான். "எறங்குலே, திரும்பிப் போவோம். பதிலைக் கண்டுபிடிச்சிட்டுப் பொறவு வருவோம்," என்றார் அனுசியா. எதிர்ப் பக்கம் போய், ராஜபாளையம் திரும்புகிற பஸ்ஸுக்கு இருவரும் நின்றார்கள்.

ஊருக்கும் உதவ வேண்டும், தன் பிழைப்பும் நடக்க வேண்டும் என்று தொழில் தொடங்குகிற இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது அவருடைய வேலை. ஓர் அறக்கட்டளை சம்பளம் கொடுக்கிறது. அவருடைய பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, ஊரில் யாருக்கும் அது வாயில் நுழைவதில்லை. வயது நாற்பத்தொன்று. பஸ் எவ்வளவு நெரித்தாலும் கசங்காத கஞ்சி போட்ட சேலை. சனிக்கிழமைதோறும் இந்தப் பிள்ளைகளுக்கு நடக்கும் கூட்டத்தில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வாரம் ஒரு பிள்ளை கூட்டத்தை நடத்த வேண்டும். வாயே திறக்காத ஷெரினும் ஒரு வாரம் நடத்தினாள், முழுக்கத் தரையைப் பார்த்தபடியே. யோசனை கேட்டு வருகிறவர்களிடம், "எனக்கு என்னட்டி தெரியும், நீதான போட்டிருக்க கடைய," என்று கையை விரித்துவிடுவார். நாமாயிருந்தால் நாலு புத்தி சொல்லாமல் விடுவோமா?

போன மாதம் இந்தக் கையை விரிக்கிற வித்தைக்கே சோதனை வந்தது. மகாராஜபுரத்துப் பெண் சத்யப்பிரியா கண் பரிசோதனைப் படிப்பு முடித்தவள். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடங்களில் நாற்பது தாண்டிய பெண்களுக்கு வெள்ளெழுத்து வந்து, அறுந்த இழை தெரியாமல், சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தறிக்கூடத்துக்கே போய்க் கண் பார்த்து, குறைந்த விலையில் கண்ணாடி கொடுப்பது அவள் தொழில். முதல் தறிக்கூடத்தில் நாற்பது பேருக்குக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் முப்பத்தொரு கண்ணாடி ஒரு பிளாஸ்டிக் வாளியில் திரும்பி வந்தது. போட்டால் தலைவலி, தறியே மங்கலாகத் தெரிகிறது என்று புகார். அந்த வட்டாரத்தில் ஒரு தறிக்கூடத்தில் பெயர் கெட்டால் மறுநாளே மற்ற வாசல்களும் அடைத்துக்கொள்ளும்.

அந்தத் தறிக்கூடத்து மேனேஜர் சீனிச்சாமி சத்யப்பிரியாவை விட்டுவிட்டு அனுசியாவுக்குத்தான் போன் போட்டார், பெரியவர்களாகப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று. "அது அவ கம்பெனிண்ணே. அவகிட்டயே பேசுங்க," என்று சொல்லி அனுசியா வைத்துவிட்டார். வைத்துவிட்டாரே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சத்யப்பிரியா வாளியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, தொழிலை மூடிவிடுகிறேன் அக்கா, ஏதாவது கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்று அழுதாள். அனுசியா வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தார். மூடுவதென்றால் திங்கட்கிழமை மூடு, அதற்கு முன்னால் ஒரு ஷிப்ட் முழுக்கத் தறி பக்கத்தில் போய் நின்றுவிட்டு வா என்றார்.

சத்யப்பிரியா போய் நின்றாள். வாளி திரும்பி வரக் காரணமே அங்கே தறி ஓட்டுகிற மாரியாத்தாள்தான். பெரிய குரல்காரி, அவர் கழற்றி வைத்த பிறகுதான் மற்றவர்கள் கழற்றினார்கள். அவருடைய தறி ஓரத்திலேயே எட்டு மணி நேரம் நின்றாள். இழை அறும்போதெல்லாம் மாரியாத்தாள் கையை நீட்டி முடிச்சுப் போட்டார். அந்தக் கை முழுசாக நீண்டது. அப்போதுதான் பிள்ளைக்குச் சுரீர் என்றது. பேப்பர் படிக்கிற தூரத்தில் எழுத்து அட்டையைப் பிடித்தல்லவா இத்தனை பேருக்கும் கண் பார்த்திருக்கிறாள்! காலையில் பேப்பர் விரித்து உட்கார அவர்களுக்கு ஏது நேரம்? பகல் பூராவும் அவர்கள் கண் நிற்பது ஒரு கை தூரத்தில்.

தெரிந்துவிட்டது, சரி. அதை யார் போய்ச் சொல்வது? அக்கா, நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள் என்றாள் சத்யப்பிரியா. அனுசியா இந்த ஒரு தடவை மட்டும் நேராகவே பதில் சொன்னார்: "நான் சொன்னா அது சமாதானம். நீ சொன்னாத்தான்ட்டி அது வைத்தியம்."

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு இடைவேளையில் அரைமணி நேரம் கொடுத்தார் சீனிச்சாமி. சத்யப்பிரியா மட்டும் உள்ளே போனாள். அனுசியா வாசலோடு நின்றுகொண்டார். வாட்ச்மேன் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. முதலில் மாரியாத்தாள் குரல் கேட்டது. எம்புட்டு நாள் தலைவலி தெரியுமா, எங்க கண்ணு என்ன உனக்கு வெளையாட்டா என்று கூரை அதிர்ந்தது. அனுசியாவுக்கு உள்ளே ஓடிப்போய்ப் பிள்ளையை மறைத்து நிற்க வேண்டும்போல் இருந்தது. இரண்டு தடவை கேட்டில் கை வைத்தார், இரண்டு தடவையும் எடுத்துக்கொண்டார்.

பிறகு சத்யப்பிரியாவின் குரல். "தப்பு எம்மேலதான் சித்தி. நீங்க வேல பாக்கிற தூரத்த நான் பாக்கல. இப்ப தறிகிட்டயே வச்சுப் பாக்கிறேன். செத்த நேரம் நில்லுங்க."

அரைமணி முடிந்தது. தறிகள் ஓடத் தொடங்கின. பிள்ளை வெளியே வரவில்லை. முக்கால் மணி, ஒரு மணி. அனுசியா போனை எடுப்பதும் பையில் போடுவதுமாக இருந்தார்.

கடைசியில் சீனிச்சாமிதான் வந்தார். "நீங்க கெளம்புங்கம்மா, அது இப்ப வராது," என்றார். "மாரியாத்தா அந்தப் பிள்ளைய விட மாட்டேங்கா. அம்புட்டுப் பேருக்கும் தறியில வச்சே பாத்தாச்சு. இப்ப பக்கத்து ஷெட்டுக்கும் அவளே கூட்டிட்டுப் போறா, இது நம்ம டாக்டரு பிள்ளைன்னு சொல்லிக்கிட்டு."

"சரிண்ணே," என்றார் அனுசியா. நாற்காலி பக்கத்திலேயே கிடந்தது. அந்தக் கஞ்சிச் சேலையோடு, கேட்டுக்கு முன்னால் புழுதித் தரையில் காலை நீட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.