தர்ஷினி பார்த்த சனி

“அத்தை, முன் காம்பராவை ஒதுக்கி வைங்க” என்று டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து மருமகன் போனில் சொன்னார். அந்த முன்னறையில் கட்டிலை நகர்த்தினேன். மூலையில் நின்ற தொலைநோக்கியைத் துணியால் மூடினேன். என் பேத்தி தர்ஷினி இனி நடந்து வரமாட்டாள் என்று அப்போதே விளங்கிவிட்டது.

கொழும்பில் அவளோடு வானம் பார்த்த பிள்ளைகளே, அந்தத் தொலைநோக்கியை அவளுக்குக் கொடுத்தவர்கள் நீங்கள். உங்கள் குழு அச்சடிக்கும் தாளுக்காக அவளைப் பற்றி எழுதச் சொன்னதும் நீங்கள்தான். நான் ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போனவள். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

தோட்டத்து வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்து வாசலில் வைத்துத்தான் சனியைப் படம் பிடிப்பாள். பிடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

“ஒரே படத்தை எத்தனை தரம்டி பாப்ப?”

“ஒரே படம் இல்ல அம்மாயி. காத்து அசையிறதுல முக்கால்வாசி கலங்கிப் போயிருக்கும். தெளிஞ்சதை மட்டும் பொறுக்கி ஒண்ணா அடுக்கணும்.”

“அப்ப நம்ம வேலைதான். முத்தலைத் தள்ளிட்டுக் கொழுந்தை எடு.”

“அதுக்காகக் காலையில என்னையும் வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல நிக்கச் சொல்லிராதீங்க” என்று சிரித்தாள்.

சனியில் வெள்ளையாக ஒரு புயல் கிளம்பியபோது வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் அவளிடம் படம் கேட்டார்கள். அவர்கள் ஊரில் பகலாக இருக்கும் நேரத்தில், புயல் எதுவரை நகர்ந்தது என்று இந்தப் பக்கத்திலிருந்து காட்ட ஆள் வேண்டுமாம். அவர்களுடைய கட்டுரையில் இவள் பெயரும் வந்தது. நான் லயம் லயமாகப் போய்ச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு மாரியாயிக்குப் பொறுக்கவில்லை. “கோயில்லயே சனி முன்னால நேரா நிக்க மாட்டோம். இவ குழாய வச்சுல்ல பாக்குறா!”

“அவருக்குக் கோவம்னா மொகத்தத் திருப்பிக்கட்டும் பெரியம்மா. அந்தப் பக்கத்தையும் எடுத்துக்கிறேன்” என்றாள் தர்ஷினி.

பிறக்கும்போதே அவள் இருதயத்தில் ஓட்டை இருந்தது. டாக்டர்கள் முன்பே சொன்னதுதான். ஆனால் சாவு வீட்டில் எல்லாரும் பேசியது சனியைத்தான். நான் மாரியாயியோடு சண்டைக்கு எழும்பினேன். என் மகள், தர்ஷினியைப் பெற்றவள், என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடும்மா. சனிதான்னே இருக்கட்டும். பொறப்புலயே இருந்த ஓட்டைன்னா, பெத்தவ நான்தானே?”

மாரியாயியை விட்டுவிட்டு மகளோடு போய் உட்கார்ந்தேன்.

தொலைநோக்கி வீட்டில் இருக்கக்கூடாது என்கிறாள் மகள். உங்களிடமே அனுப்புகிறோம். புயல் இன்னும் தெரிகிறதா என்று தர்ஷினியுடைய போனுக்கு வெளிநாட்டிலிருந்து கேள்வி வந்திருப்பதாக மருமகன் சொன்னார். பார்த்துச் சொல்ல இங்கே யாரும் இல்லை.

அவளால் எனக்கு மிஞ்சியது பெருமை ஒன்றுதான். அதையும் உங்களிடம்தான் பேசமுடியும். இந்தத் தாள் தோட்டத்துக்கு வராது. இங்கே யாராவது “சனி கொண்டு போயிருச்சே” என்று சொன்னால், மகளின் முகத்தை ஒரு தரம் பார்க்கிறேன். பிறகு ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.