கடலைச் சரிக்காத ரெஜினா

ரெஜினாவின் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது, ரெஜினா எடுத்த படமொன்றுக்குத்தான் நான் அலுவலகத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி காலையில எழும்பல்ல," என்றார். இறுதிப் பூசை எப்போதென்று பிறகு சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். திரையில் கொட்டாஞ்சேனைத் தேவாலயமொன்றின் வாசற்படிகள் மயிரிழையும் சரியாமல் கிடந்தன.

எங்கள் வாரப் பத்திரிகையில் அவருடைய படங்களைப் பார்த்துப் பழகிய உங்களில் பலருக்கு அவரை நேரிலும் தெரியும். வார நாட்களில் எங்களோடு, சனி ஞாயிறில் கல்யாண வீடுகளில். தோள்பையில் லென்ஸுகளோடு தச்சர்கள் பாவிக்கும் ரசமட்டம் ஒன்றும் இருக்கும். கமெராவைத் தாங்கியில் பூட்டுமுன் ரசமட்டத்தை அதன் மேலே வைத்து, அதிலுள்ள குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை பார்ப்பார். கமெராவுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டேன். "அது கமெராவுக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

கொம்பனித்தெருவில் ஒரு கட்டுரைக்காக நாங்கள் நின்ற பகலை மறக்க மாட்டேன். பழைய தொடர்வீடுகளுக்குப் பின்னால் புதிய கோபுரம் ஒன்று எழுந்திருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மேலே ஏறும் கோடுகள்தான். வெயிலில் எனக்குத் தலை வலித்தது. போவோமா என்றேன். "இருங்க, குறுக்க ஒண்ணு வரல்ல இன்னும்." அப்போது முன்வீட்டு மாடியில் ஒரு பெண் ஈரப் படுக்கைவிரிப்பை உதறிக் கொடியில் போட்டார். ரெஜினாவின் விரல் அசைந்தது. படத்தில் அந்த வெள்ளைக் கிடைக்கோட்டுக்குப் பின்னால் கோபுரம் கைகட்டி நிற்பதைப் போலிருந்தது. "நிக்கிற கோடு மனுசன அண்ணாந்து பார்க்க வைக்கும். படுத்த கோடு வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வைக்கும்," என்றார். நான் பார்த்த அதே தெருவைத்தான் அவரும் பார்த்தார் என்பதை நம்ப முடியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது என் அப்பாவின் படத்தைப் பற்றி.

பாரிசவாதம் வந்தபின் அப்பாவின் உடம்பு இடப்பக்கம் சரிந்தே இருந்தது. யாரையும் படம் எடுக்க விடமாட்டார். கனடாவிலிருக்கும் தம்பி கேட்டுக்கொண்டேயிருந்தான். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு ரெஜினா வந்து முதலில் விறாந்தையில் வைத்து எடுத்தார். பின்னாலிருந்த கதவுநிலையும் ஜன்னல் கம்பிகளும் அப்பா எவ்வளவு சரிந்திருக்கிறார் என்று அளந்து காட்டின. "விழப்போறன் மாதிரிக் கிடக்கு. அழியும், பிள்ளை," என்றார் அப்பா. ரெஜினா உடனே அழித்தார். "கடற்கரைக்குப் போவமா அங்கிள்?"

ஒழுங்கை முடிவில் தண்டவாளத்தைக் கடந்து, பிளாஸ்டிக் கதிரையொன்றில் அவரை இருத்தினோம். அம்மாவுக்கு ஒரு யோசனை. "பிள்ளை, கமெராவைக் கொஞ்சம் சரிச்சுப் பிடியுமன். இவர் நேராத் தெரிவார்."

"அங்கிள நிமித்தலாம் ஆன்டி. ஆனா கடல் சரிஞ்சிரும். தண்ணியெல்லாம் பக்கத்துத் தெஹிவளைக்கு ஓடிரும்."

"அங்க என்ர மச்சான் இருக்கிறான். நனையட்டும்," என்றார் அப்பா, குழறிய நாக்கோடு. நோய் வந்தபின் அவர் சொன்ன முதல் பகிடி அது.

ரெஜினா அம்மாவைக் கூட்டிப்போய் அப்பாவின் இடப்பக்கத்தில், ஒட்டி நிற்கவைத்தார். "ஆன்டி, நீங்க மட்டும் அசையக் கூடாது."

அவ்வளவுதான் செய்தார். அடிவானம் நேராகக் கிடந்தது. அம்மா நேராக நின்றாள். அப்பா அதே அளவுதான் சரிந்திருந்தார். ஆனால் படத்தில் அவர் விழவில்லை. மனைவியின் மேல் சாய்ந்திருந்தார். அம்மா அதைப் பார்த்து வெட்கப்பட்டாள். அப்பா தம்பிக்கு அனுப்பச் சொன்னார்.

அப்பா போனபோது மலர்ச்சாலையில் உடலருகே வைக்க அந்தப் படம்தான் இருந்தது. தெஹிவளை மாமா தடுத்தார். "உயிரோட இருக்கிறவளுக்கும் சேர்த்தோ மாலை போடுறது? அவளை வெட்டுங்கோ." ஸ்டூடியோவில் வெட்டிக் கொடுத்தார்கள். அம்மா பார்த்தாள். "ஐயோ, விழப்போறார். பிடியுங்கோ," என்றாள். அன்று அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

ரெஜினா வந்தார். யாரோடும் வாதாடவில்லை. மடிகணினியைத் திறந்து மூலப்படத்தைத் திரும்ப வெட்டினார். இம்முறை ஓரத்தில் ஒரு விரலகலம் விட்டார்: அம்மாவின் சேலைக் கரை, மேலிருந்து கீழே ஒரே சிவப்புக் கோடாக. "பாருங்க அங்கிள், இதுல ஆன்டி இல்ல," என்று மாமாவிடம் காட்டினார். மாமா நெடுநேரம் பார்த்தார். "ஓம், இல்லைத்தான்," என்றவர், தானே மாலையை எடுத்துப் போட்டார். ஒரு மனிதரைத் தாங்கிப் பிடிக்க அவ்வளவு மெல்லிய கோடு போதும் என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பு.

ரெஜினாவின் இறுதிப் பூசைக்கு அம்மாவும் வந்தாள். பெட்டியருகே அவருடைய அக்கா நிற்க முடியாமல் தள்ளாடினார். நான் எழும்புமுன் முழங்கால் வருத்தக்காரியான அம்மா முன்னே போய் அவர் பக்கத்தில் நின்றாள். அக்கா மெல்லச் சாய்ந்தார். பின்னால் தேவாலயத்தின் இருக்கை வாங்குகள் வரிசையாகக் கிடந்தன. பூசை முடியும்வரை அம்மா அப்படியே நின்றாள்.

அசையாமல் பக்கத்தில் நிற்கச் சொன்ன அந்தக் குரலைத்தான் ரெஜினாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்திருக்கிறேன். அது என்னிடம் மட்டும் இல்லை. வீடு திரும்பும்போது பஸ்ஸில் அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டாள்:

"நான் அசையேல்லத்தானே?"

"இல்லையம்மா," என்றேன்.