பெரியம்மா பாட்டை மறந்த வருஷம்

எங்கள் பெரியம்மாவுக்கு ஞாபகமறதி உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில், மலையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். வைகாசியில் காளியம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அதற்கு எட்டு நாள் முன்னதாக முளைப்பாரி போடுவார்கள். ஒரு வீட்டின் உள்ளறையை வெளிச்சம் புகாமல் அடைத்து, மண்சட்டிகளில் எருவைப் பரப்பி, பயறும் சோளமும் மொச்சையும் தூவித் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். அந்த எட்டு நாளும் வெயில் இறங்கியதும் பெண்கள் கோயில் முன்னால் வட்டமாக நின்று கும்மி கொட்ட வேண்டும். கும்மிச் சத்தம் காதில் விழுந்தால்தான் முளை தலைதூக்கும் என்பார்கள். விதைக்கு ஏது காது என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, “சாமிக்கு இருக்குல்ல, போதும்” என்று சித்தி என் வாயை அடைத்துவிட்டாள்.

முதலில் கீழத்தெருப் பெண்கள் ஆடுவார்கள். அவர்கள் களைத்து ஒதுங்கியதும் நாங்கள், மேலத்தெரு. பரிசு, மெடல் என்று எதுவும் கிடையாது. ஆனால் எந்தத் தெருக் கும்மி எடுப்பு என்று வருஷம் முழுக்கப் பேசிக்கொள்வார்கள். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து அது மேலத்தெருதான். காரணம் பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. திராட்சைத் தோட்டங்களில் காய் வெட்டுவதற்கு ஆள் கூட்டிப் போகிறவர். இந்தக் கோடிக் கொடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவளை அதட்டிப் பழகிய தொண்டை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எட்டு நாளும் பாடினாலும் ஒரு பாட்டு இரண்டாம் முறை வராது. அவர் ஒரு வரி சொல்ல, நாற்பது பெண்கள் அதைத் திருப்பிச் சொல்லிக் குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, தலைக்கு மேலே கையை வீசி ஒரு தட்டு என்று சுற்றிவருவார்கள். போகப்போக வேகம் ஏறும். கடைசிப் பாட்டில் புழுதி கிளம்பி, யார் கை எது என்று தெரியாது. உள்ளே நிற்கும்போது என் காலை யாரோ தூக்கி வைப்பதுபோல் இருக்கும்.

அந்த வருஷம் அம்மா கும்மிக்கு வரவில்லை. மாசி மாதத்தில் அவளுக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்திருந்தது. “நெஞ்சுல ஒரு கட்டி. எடுத்தாச்சு, சரியாப் போச்சு” என்று எனக்குச் சொன்னார்கள். சரியாய்ப் போய்விட்டதென்றால் பிறகு ஏன் மதுரைக்குப் போகிறார்கள், ஏன் போய்வந்த பிறகு நாலைந்து நாள் அம்மா வாந்தி எடுத்தபடி கிடக்கிறாள் என்று நான் யோசித்ததில்லை. தலைமுடி கொட்டியது. மொட்டை போட்டது பழனிக்கு நேர்ந்த கடன் என்று சொன்னதையும் நம்பினேன். இரண்டு தடவை மருந்து ஏற்றியாயிற்று. இன்னும் நாலு தடவை பாக்கி. மூன்றாவது தடவைக்குத் தேதி வந்தபோது அம்மா கிளம்ப மறுத்துவிட்டாள். அப்பா கெஞ்சினார், திட்டினார், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் ஊரில் முளைப்பாரி போட்டார்கள்.

ஏழு நாளும் நான் சித்தியோடு போய் ஆடிவிட்டு வந்து, யார் எப்படி ஆடினார்கள் என்று அம்மாவிடம் ஒப்பிப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தூங்கிவிட்டாளா என்று நிறுத்தினால், “ம், பொறவு?” என்பாள்.

எட்டாம் நாள் மத்தியானம் அம்மா எழுந்து குளித்தாள். பீரோவைத் திறந்து மஞ்சள் சேலையை எடுத்தாள்.

“எங்க கெளம்புற?” என்றார் அப்பா.

“கும்மிக்கு.”

“டாக்டரு என்ன சொன்னாக? ஆபரேசன் பண்ணுன பக்கத்துக் கைய அசைக்கக் கூடாதுன்னு சொன்னாகள்ல. கூட்டத்துக்குள்ள போயி விழுந்து வச்சா யாரு பாக்குறது?”

“ஊசிக்கும் வர மாட்டேங்குறேன். கும்மிக்கும் போகலைன்னா, அப்பறம் நான் எதுக்குங்க இருக்கேன்?”

அப்பா செருப்பைக்கூடப் போடாமல் பெரியம்மா வீட்டுப் பக்கம் போனார். தடுத்து நிறுத்தச் சொல்லத்தான் போகிறார் என்று எனக்குப் பயமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிவந்தார். “போ, போயிட்டு வா” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. அம்மா வருகிறாள், இன்றைக்கு எங்கள் கும்மியைப் பார் என்று கீழத்தெருவில் இருந்த என் வகுப்புத் தோழியிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

முளைப்பாரிச் சட்டிகளைக் கொண்டுவந்து கோயில் முன்னால் நடுவில் வைத்திருந்தார்கள். வெளிறிய மஞ்சளில் ஒரு முழ உயரத்துக்கு வளர்ந்த முளைகள் மலைக்காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. கீழத்தெருக்காரர்கள் பிரமாதமாக ஆடி முடித்தார்கள். நாங்கள் வட்டம் கட்டினோம். அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் சித்தி. இன்னொரு பக்கம் நான். பெரியம்மா நேர் எதிரே நின்றார். அம்மாவைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, எப்படியிருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பாட்டை எடுத்தார்.

எடுத்த எடுப்பிலேயே எனக்கு என்னவோ போல் இருந்தது. தாலாட்டுப் பாடுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகப் பாடினார். தட்டும் தலைக்கு மேலே போகவில்லை. இடுப்புக்கு நேராக ஒரு தட்டு, ஒரு எட்டு. மறுபடி ஒரு தட்டு. முதல் பாட்டு சாமி பாட்டு, அதனால் அடக்கிப் பாடுகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது பாட்டும் அப்படியே. கையை உயர்த்தி வீசுவதில் பேர்போன எதிர்வீட்டு அக்காகூட இடுப்போடு நிறுத்திக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தேன். நாற்பது பேரும் நெல் உலர்த்துகிற களத்தில் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தார்கள்.

வெளியே கீழத்தெருப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். “ஏண்டி, ஒங்க கும்மி தூங்குதா?” என்று என் தோழி கத்தினாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெரியவர்கள் மறந்துவிட்டால் நான் ஞாபகப்படுத்துகிறேன் என்று வேகமாகத் தட்டினேன். பாட்டைவிட இரண்டு பங்கு வேகம். பக்கத்தில் இருந்த அம்மா என் தட்டைக் கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்; அவளும் வேகத்தைக் கூட்டினாள். இரண்டே எட்டு. மூன்றாவது எட்டில் அவள் கால் பின்னிக்கொண்டது. சித்தி சட்டென்று தோளைக் கொடுத்தாள்.

அந்த நொடியில் பெரியம்மா பாட்டை நிறுத்திவிட்டார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, “அடியாத்தா, அடுத்த வரி மறந்துபோச்சே!” என்றார்.

கும்மி நின்றுவிட்டது. கூட்டம் ஓவென்று சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். அம்மா சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன்; ஆனால் எனக்கு அது முக்கியமாகப் படவில்லை.

“என்ன பெரியம்மா, நெசமாவே மறந்துட்டீகளா?” என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டேன்.

“ஆமாத்தா. வயசாகுதுல்ல?” என்றார் பெரியம்மா. ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கி நிதானமாகக் குடித்தார். பிறகு அடுத்த வரி ஞாபகம் வந்துவிட்டது.

நான் வட்டத்தை விட்டு விலகி, கோயில் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். நான் நின்ற இடத்தில் எதிர்வீட்டு அக்கா நகர்ந்து வந்து நின்றாள். அங்கிருந்தபடி எண்ணினேன். பெரியம்மா இன்னும் நாலு தடவை பாட்டை மறந்தார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர், இருமல், அல்லது “இருங்கடி, கொண்டைய முடிஞ்சுக்கிறேன்.” கீழத்தெருக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் குலவையிட்டு முடித்தபோது அம்மா இன்னும் வட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டாள். அவள் தானாகச் சோறு கேட்டுப் பல நாளாகியிருந்தது.

“பாத்தீகளா? முழுசா ஆடிட்டேன்” என்றாள் அப்பாவிடம்.

“பாத்தேன்.”

“திங்கக்கெழம மதுரைக்குப் போவமா?”

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசல் தொட்டிக்குப் போனார். வெகுநேரம் முகம் கழுவினார். நான் அம்மாவிடம், “பெரியம்மாவாலதாம்மா நம்ம தெரு மானம் போச்சு” என்றேன். அம்மா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னாள்.

மறுநாள் முளைப்பாரியைக் கண்மாயில் கரைக்கப் போனபோது ஊரே அதைத்தான் பேசியது. பேசாதவர்களிடம் நானே சொன்னேன். பள்ளிக்கூடம் திறந்ததும் அங்கேயும் சொன்னேன். ஐந்து தடவை மறந்தார் என்று விரல் விட்டுக் காட்டினேன். மறு வருஷம் முளைப்பாரி போட்ட அன்று, மேலத்தெருப் பெரிய மனிதர் ஒருவர், “இந்தத் தடவ வேற யாராச்சும் பாட்டெடுக்கட்டும்ப்பா, போன வருசம் மாதிரி ஆயிறக் கூடாது” என்றார். அந்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் பெரியம்மா நாற்பதில் ஒருத்தியாக நின்று, யாரோ எடுத்த பாட்டைத் திருப்பிச் சொன்னார். ஒருநாளும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்றாம் வருஷம் பெண்களாகவே சேர்ந்து அவரை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

அம்மா பாக்கி நாலு தடவையும் மதுரைக்குப் போய்வந்தாள். முடி வளர்ந்தது. இப்போது அவளுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. ஒவ்வொரு வைகாசிக்கும் நான் தேனியில் இருந்து வரும்போது, கும்மிக்கு எனக்கு முன்பே சேலை கட்டிக்கொண்டு நிற்பாள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு பொங்கலுக்கு, பெரியம்மாவின் மறதியைப் பற்றி வழக்கம்போல் ஏதோ கேலி பேசினேன். சித்தி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏண்டி, ஒனக்கு இன்னுமா தெரியாது? ஒங்க அம்மாவத் தடுங்கன்னு ஒங்கப்பா போயி நின்னப்ப, ‘அவ வரட்டும், நான் பாத்துக்கிறேன்’னு சொல்லி அனுப்புனாக பெரியம்மா.”

“எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருந்தாகளா?”

“யாரும் யாருட்டயும் சொல்லல. மொதத் தட்ட இடுப்போட நிறுத்துனாக. ஒங்கம்மாவுக்குக் கை அதுக்கு மேல வராதுல்ல. நாங்க பாத்தோம். நாங்களும் நிறுத்திக்கிட்டோம். அம்புட்டுத்தான்.”

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு ஏதும் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

“ரெண்டாவது பாட்டுலயே தெரிஞ்சுபோச்சு” என்றாள் அம்மா. “நாப்பது பொம்பளைக எனக்காக நின்னு நின்னு ஆடுறாக. அதுக்கப்பறமும் நான் செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?”

அன்று சாயங்காலமே பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஊரெல்லாம் நான் சொல்லித் திரிந்ததற்கு மன்னித்துவிடும்படி கேட்டேன். பெரியம்மா கத்திரிக்கோல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காய் வெட்டு.

“நீ என்னத்தா சொல்லுற? எனக்கு அன்னைக்கு நெசமாவே மறந்துபோச்சு” என்றார். “சாப்புட்டியா?”

இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். நானும் வற்புறுத்துவதில்லை. அன்று அந்த வட்டத்தில் பாட்டைக் கேட்டு ஆடியவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் என் அம்மாவின் மூச்சைக் கேட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியவில்லை.