சுவேதாவின் சோப்புத் தண்ணீர்

ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை என்றான பிறகு, பிள்ளை ஆசையை மனதுக்குள்ளேயே புதைத்துக்கொண்டவள் செந்தமிழ்ச்செல்வி. மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் முதலியார்பேட்டைக்கு வந்து, ஒரு சிறிய பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பு எடுக்கிறாள். அந்த வகுப்புப் பிள்ளைகள்தான் அவளுக்கு உலகம்.

வெள்ளிக்கிழமை என்றால் சோப்பு விளையாட்டு. தட்டில் தண்ணீர் ஊற்றி, மிளகுத்தூளைத் தூவி, சோப்பு தடவிய விரலை நடுவில் வைப்பாள். தூள் அத்தனையும் விளிம்புக்கு ஓடும். தண்ணீரின் மேற்பரப்பில் ஒரு இழுவிசை இருக்கிறது, சோப்பு பட்ட இடத்தில் அது தளர்ந்துபோகிறது என்று நாலு வயதுக்கு எப்படிப் புரியவைப்பது? சோப்பைப் பார்த்தால் அழுக்கு ஓடிவிடும் என்று சுருக்கமாகச் சொல்லிவைத்தாள்.

ஒரு வாரம், வீட்டிலேயே சோப்புத் தண்ணீர் கலந்து பாட்டிலில் கொண்டுவரச் சொன்னாள். ஸ்ட்ராவால் ஊதினால் குமிழி வர வேண்டும். எல்லோருக்கும் வந்தது. சுவேதாவுக்கு மட்டும் வரவில்லை. அவள் பாட்டிலில் தண்ணீர் வெள்ளையாகத் திரிந்து, மேலே பிசுக்கு மிதந்தது.

சுவேதா கடற்கரையோர வம்பாகீரப்பாளையத்துப் பெண். அப்பா இருசப்பன் கடலுக்குப் போகிறவர். அம்மா தில்லையம்மாள் தெருத்தெருவாக மீன் விற்கிறவள். அவளுக்கு நாற்பது வயது நெருங்கும்போது பிறந்த ஒரே மகள் சுவேதா.

"மீன் தண்ணி டீச்சர் இது. அவங்க அம்மா கை வச்சிருக்கும்" என்றான் பக்கத்திலிருந்த தமிழ்மாறன்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நாற்காலிகளை நகர்த்திக்கொண்டார்கள். அவனை அதட்டிவிட்டு, செந்தமிழ்ச்செல்வி சுவேதாவிடம் குனிந்தாள். "அம்மாவ நல்லா கை கழுவிட்டுக் கலக்கச் சொல்லு, கண்ணு."

அன்போடுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் சுவேதா பள்ளிக்கு வரவில்லை. புதன்கிழமை மாலை செந்தமிழ்ச்செல்வியே அவள் வீட்டைத் தேடிப் போனாள். குழந்தை மூலையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு கையும் சிவந்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துத் தானே தேய்த்துக்கொண்டதாம்.

"கைப் புண்ணு ஆறிடும் டீச்சர்" என்றாள் தில்லையம்மாள். "என்னத் தொட வுட மாட்டேங்குது. சோறு ஊட்டப் போனா, உன் கை வாணாங்குது. பெத்தவ நான் எங்க போறது?"

செந்தமிழ்ச்செல்வி எழுந்து கொல்லைக் குழாயில் சோப்பு போட்டுக் கை கழுவினாள். எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். கரித்தது. அந்தத் தண்ணீரில் யார் கலக்கினாலும் குமிழி வராது. மூலக்குளத்துத் தண்ணீரிலேயே புழங்கியவளுக்கு, எல்லா வீட்டிலும் அதே தண்ணீர் வராது என்பது தோன்றவே இல்லை.

கைப்பையில் வைத்திருந்த குடிதண்ணீரில் சோப்பைக் கரைத்து, சுவேதாவின் முன்னால் உட்கார்ந்து ஊதினாள். பெரிய குமிழி ஒன்று எழும்பியது.

"பாத்தியா கண்ணு? உங்க வீட்டுத் தண்ணி உப்பு. அதான் வரல. அம்மா கை மேல தப்பே இல்ல."

குழந்தை குமிழியைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "அப்போ எங்கம்மாவ இந்தத் தண்ணில கழுவி வுடுறீங்களா டீச்சர்?"

தில்லையம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சுவேதா இப்போது பள்ளிக்கு வருகிறாள். குமிழி விடுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். மிளகுத்தூள் ஏன் ஓடுகிறது என்பதை செந்தமிழ்ச்செல்வி வகுப்பில் திரும்பத் திரும்ப, வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஆனால் பள்ளி விடும் நேரத்தில் தில்லையம்மாள் வாசலுக்கு வருவதில்லை. தெருமுனையிலேயே நின்றுகொள்கிறாள். மகள் அங்கேதான் நிற்கச் சொல்லியிருக்கிறாள்.