காதை வைத்துக் கேட்பவர் எந்தப் புத்தகத்தில்?

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. தெருவுக்கே அவர் லென்ஸ் அக்கா. ஆள் வராத நேரத்தில் கடையில் நாவல், பேருந்தில் கட்டுரை நூல் என்று ஒரே சமயத்தில் இரண்டு ஓடும். கணவரிடம் கதை சொன்னால் இரண்டாவது அத்தியாயத்திலேயே குறட்டை வரும். புத்தகம் பேச அவருக்கு இருந்த ஒரே ஆள் தங்கைதான். முடித்ததும் போனில் அபிப்பிராயம், பிறகு புத்தகமே அவள் வீட்டுக்குப் போய்விடும். திருப்பித் தரும்போது, "எனக்கும் அப்படித்தான்கா தோணுச்சு" என்பாள். ஒரு தடவைகூட மறுத்ததில்லை. ரசனை ஒன்று என்பதில் அக்காவுக்கு ஏகப் பெருமை.

கடைசியாகத் தங்கையிடம் சொன்ன இரண்டுமே கடல் சமாச்சாரம். மாலுமியின் மனைவியைப் பற்றிய நாவல் அரைகுறையாகத்தான் பிடித்தது. பழைய கப்பல்களை உடைப்பவர்களைப் பற்றிய கட்டுரை நூல் ஆளையே உலுக்கிவிட்டது. அதில் ஒரு தொழிலாளி, வெட்டுவதற்கு முன் இரும்புத் தகட்டில் காதை வைத்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார். போனில் பேசிய வேகத்தில் அக்கா அவரை நாவலில் வருபவராகச் சொல்லிவிட்டார்.

போன வாரம் கண்ணாடி வாங்க வந்தவர் கையில் அதே நாவல்.

"எப்படி சார் இருக்கு?"

"ஏமாந்துட்டேம்மா. கப்பல்ல காதை வச்சுக் கேக்குற ஆளுக்காக வாங்கினேன். கடைசிப் பக்கம் வரை தேடிட்டேன், ஆளையே காணோம்."

"யார் சொன்னது?"

போனை நீட்டினார். புத்தக விமர்சன வீடியோ. பேசுவது தங்கை!

"புருஷன் வந்தாலும் அழுறா, போனாலும் அழுறா" என்று சிரித்தாள். அக்கா சொன்ன அதே வார்த்தைகள். அடுத்து, கண் கலங்கக் காது வைப்பவரைப் பற்றி. அவள் வீடியோ போடுவதே அக்காவுக்குத் தெரியாது.

கடையின் பின்பக்கம் போய்த் தங்கையை அழைத்து, வீடியோ பார்த்ததையும் நாவலில் அந்த ஆள் இல்லாததையும் சொன்னார்.

"கேமரான்னாலே நீ ஓடுவியே, அதான் நான் பேசினேன்" என்றாள் தங்கை.

"அது கிடக்கட்டும்டி. நாவலைப் படிச்சியா?"

தங்கை பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி குடுத்தது? அதுக்கும் முன்னாடி?"

"நீ சொல்றதே படிச்ச மாதிரி இருக்கும்கா. அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை?"

திருட்டைக்கூட அக்கா மன்னித்திருப்பார். இத்தனை வருஷமும் தனியாகவா பேசிக்கொண்டிருந்தோம்?

"கோவிச்சுக்காத. திருத்தம் போட்டுடறேன். அந்த ஆள் எந்தப் புத்தகத்துல வர்றாரு?"

அக்கா சொல்லவில்லை. அன்று காலை பேருந்தில் முடித்த புத்தகத்தைப் பற்றியும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது.