ரோடு சமமான பிறகு

பெக்கான் நானாஸில் எங்கள் வீட்டு முன்னால் இருந்த ரோடு வருடம் முழுவதும் அலையடித்துக்கொண்டிருந்தது. அடியில் இருப்பது ஊறிய தேங்காய் மட்டை போன்ற சதுப்பு மண். மேலே எதைப் போட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கிக்கொள்ளும். மூடுபனி இறங்கிய காலைகளில் வாசலில் நின்று பார்த்தால், தார் மெதுவாக மூச்சு விடுவது போல இருக்கும்.

அந்த ஏற்ற இறக்கங்கள் அம்மாவின் கால்களுக்கு மனப்பாடம். கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போனபின் அவருக்கு மிஞ்சியது வெளிச்சமும் நிழலும்தான். ஆனாலும் தினமும் காலையில் முனைக் கடைக்குத் தனியாகப் போய்வருவார். கேட்டைத் தாண்டியதும் சரிவு, பக்கத்து மலாய்க்காரர் வீட்டெதிரே நீளமான பள்ளம், பிறகு ஒரு மேடு, மேடு இறங்கினால் கடை. ரொட்டி வாங்குவது ஒரு சாக்கு. யாரையும் பிடித்துக்கொள்ளாமல் அவர் வெளியே போய்வந்த ஒரே இடம் அதுதான்.

ரோட்டைப் புதிதாகப் போடப்போவதாக நகராண்மைக் கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. நான் கெலாங் பாத்தாவில் கட்டுமான ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். புது ரோடுகளில் குறை கண்டுபிடித்துப் பட்டியல் போடுவதுதான் என் தொழில். அதனால் அம்மாவிடம் வரிசையாகச் சொன்னேன். துணியை வெளியில் காயப்போட முடியாது. காரைத் திடல் பக்கம் நிறுத்த வேண்டும். ஒரு நாளாவது குழாயில் தண்ணீர் வராது. ரோலர் ஓடும்போது வீடு அதிரும்; கண்ணாடிச் சாமான்களை அலமாரியிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

"எல்லாம் சரி, எப்ப முடிப்பாங்க?"

"அவங்க சொல்றதோட ஒரு மாசம் கூட வெச்சுக்கங்கம்மா."

சொன்னதெல்லாம் நடந்தது. வாசலில் பள்ளம் தோண்டி மேலே பலகை போட்டார்கள். வீடு கரையோரம் கட்டிய படகு போலாயிற்று. செம்மண் தூசி வெயிலில் மிதந்து வந்து ஜன்னல் கம்பிகளிலும் அம்மாவின் தலைமயிரிலும் படிந்தது. ரோலர் நெருங்கும்போதெல்லாம் மேசையிலிருந்த தேநீரில் வட்டங்கள் விரிந்தன. அந்த நாள்களில் நான் வீட்டில் இருந்தால் மட்டுமே, என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா கடைக்குப் போனார்.

ஒருவழியாக வேலை முடிந்தது. கறுப்பாக, ஒரு சுருக்கம்கூட இல்லாத ரோடு. எங்கள் வீட்டு வரிசையே வெளியில் வந்து பார்த்தது. மறுநாள் காலை அம்மா தனியாகக் கிளம்பினார். நான் வேலைக்குப் புறப்படும்போது, கடைக்காரச் சீன அம்மாள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அம்மா கடையையும் திடலையும் தாண்டி அன்னாசித் தோட்டத்து ஓரம்வரை போய் நின்றிருக்கிறார்.

"கால் வெச்சா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதும்மா இந்த ரோடு," என்றார்.

அதன் பிறகு தனியாகப் போகவில்லை. நான் அடுக்கிச் சொன்ன தொல்லைகளில் இது இல்லை. கோல் வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். அடிகளை எண்ணிக்கொண்டு நடக்கலாமே என்றேன்.

"எண்ணிக்கிட்டே போனா வழியில யாருகிட்ட எப்படிப் பேசுறது? நீ வேலைக்குப் போ லா."

மழைக்காலம் வந்தது. சதுப்பு மண் தன் வேலையைத் தொடங்கியது. அந்த மாதிரி மண்ணில், ரோட்டுக்கடியில் புதைத்த குழாய் அப்படியே நிற்க, அதன் இருபுறமும் தரை இறங்கும். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, என் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்த அம்மா நின்றார். வலது காலை எடுத்து, மறுபடி வைத்தார்.

"இங்க எறங்குது."

குனிந்து பார்த்தேன். ரோட்டோரத்தில் ஒரு தட்டு அளவுக்கு வானம் தேங்கியிருந்தது. அதற்கப்பால், கடைக்கு நேராக, குழாய்க்கு மேலே லேசான மேடு ரோட்டின் குறுக்கே ஓடியது. வேலையிடமாக இருந்தால் குறை என்று பெயின்ட்டால் வட்டம் போட்டிருப்பேன். அம்மா என் கையை விட்டுவிட்டு இரண்டையும் மிதித்து மிதித்துப் பார்த்தார். அந்த வாரமே தனியாகக் கடைக்குப் போகத் தொடங்கினார்.

உத்தரவாதக் காலம் முடியுமுன் ரோடு போட்ட குத்தகையாளரின் சூப்பர்வைசர் வீடு வீடாகக் குறை கேட்டு வந்தார். குறை சொன்னால் சரிசெய்துவிடுவார்கள். ரோடு மறுபடியும் ஊமையாகிவிடும்.

"ஆண்ட்டி, ரோட்டுல ஏதாச்சும் பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்ல தம்பி. நல்லா போட்டிருக்கீங்க."

"தண்ணி நிக்குதே ஆண்ட்டி, உங்க பக்கத்துலயே."

"நிக்கட்டும் லா. நீங்களா குளிக்கப்போறீங்க?"

அவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மேட்டில் மோட்டார் சைக்கிள்கள் துள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன். மழையில் யாராவது விழலாம். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் அம்மா நடப்பது ஓரத்தில்.

"பைக் போற நடுப்பக்கத்தச் சரி பண்ணிடுங்க. எங்க பக்கத்து ஓரத்த மட்டும் விட்டுடுங்க," என்றேன்.

"எல்லாரும் ஓரத்தத்தான் மொதல்ல கேப்பாங்க, மிஸ். நாளைக்கு நீங்களே வந்து கம்ப்ளெய்ன் பண்ணா?"

"பண்ண மாட்டோம். அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. அத வெச்சுத்தான் நடக்குறாங்க."

அவர் பதில் சொல்வதற்குள் அம்மா குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டியிருந்தார். ஓரமாகவே போய், மேகங்கள் தேங்கிய நீரில் கால் வைத்தார்.

"பார்த்து, ஆண்ட்டி," என்றார் சூப்பர்வைசர்.

அம்மா காதில் வாங்கவில்லை. மேடு வந்ததும் நின்றார். மெதுவாகக் கடைப் பக்கம் திரும்பினார். உள்ளே யாரிடமோ பேசத் தொடங்கும் குரல் கேட்டது. சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போய், ரோட்டின் நடுவில் மட்டும் கோடு போட்டார்.